மூட்டை யோசிக்காது, மனுஷன் யோசிப்பான்

போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஈ.ஓ.க்யூ. சூத்திரம் நடந்தது. ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு ஆர்டர் போட்டால் செலவு குறையும் என்று சொல்லும் அந்த வர்க்கமூலக் கணக்குதான். பி.காம் படித்த எல்லோருக்கும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு மார்க் வாங்கித் தரும் கேள்வி. கணக்குக்கு முன்னால் அனுமானங்களை எழுத வேண்டும். ஆண்டு முழுவதும் தேவை ஒரே சீராக இருக்கும். ஆர்டர் போட்டால் சரக்கு எத்தனை நாளில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். விலை மாறாது.

இரண்டாவது வரியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் "இன்னாடா?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முகையூர். விழுப்புரத்துக்கும் திருக்கோவிலூருக்கும் நடுவில் இருக்கிறது. நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. சன்ன ரக நெல் நல்ல விலைக்குப் போகும் காலத்தில் அரகண்டநல்லூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும். அங்கே 75 கிலோ மூட்டைக்கு வியாபாரிகள் விலை எழுதிப் போடுவார்கள். விலை விழுந்தால் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம், அங்கே 40 கிலோ மூட்டை. 2025 மே மாதம், நவரைப் பட்டத்து நெல்லை அப்பா இரண்டாவது வழிக்குக் கொண்டுபோனார். அந்தப் பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,450 ரூபாய் என்று அரசு விலை. வெளியில் அவ்வளவு கிடைக்கவில்லை. நெல் பதினோரு நாள் நிலையத்து வாசலில் கிடந்தது. ஏழாம் நாள் கோடை மழை. மூன்றில் ஒரு பங்கை, படுதாவுக்கு அடியில் முளை விடுவதற்கு முன்னால், அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த ஒரு வியாபாரியிடம் அவன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டோம். எனக்குக் கட்ட வேண்டிய செமஸ்டர் ஃபீஸ் அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

இதைச் சொன்னால் உடனே எல்லோரும் கேட்பது, "யார் தப்பு?"

அந்தப் பதினோரு நாளில் நானும் ஆறு நாள் அங்கே காவல் படுத்திருந்தேன். யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

நெல் வாங்கும் எழுத்தர் கெட்டவர் இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக்கூடாது என்று விதி. வாங்கிய நெல்லை லாரி வந்து ஏற்றிப்போகும் வரை அவர் பொறுப்பு. லாரி ஐந்து நாள் வராமல் நெல் வெயிலில் காய்ந்தால் எடை குறையும். குறைந்த எடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் லாரி வரத்து மந்தம் என்று தெரிந்ததும், வாங்கும் வேகத்தை அவரே குறைக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

லாரிக்காரர் ஏன் வரவில்லை? கிடங்கில் இறக்க அங்கே ஒரு வரிசை. ஒரு லோடுக்கு இரண்டு நாள் நின்றால் டீசலும் டிரைவர் படியும் கையை விட்டுப் போகிறது. அதே நேரத்தில் வேறு லோடு கிடைத்தால் அவர் அதற்குப் போகிறார். சுமை தூக்குகிறவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. லாரி இல்லாத நாளில் கூலி இல்லை, வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் லாரி வந்த அன்றைக்கு ஏற்ற ஆள் இல்லை. அந்த லாரியும் நிற்கிறது. அடுத்த தடவை அவர் இந்தப் பக்கம் வருவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்.

இப்போது விவசாயி. வரிசை நீளம் என்று ஊருக்குள் செய்தி வந்ததும், அறுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறவர்கூட அவசரமாக அறுத்து, சரியாகக் காயாத நெல்லைக் கொண்டுவந்து குவித்து இடம் பிடிக்கிறார். ஈரம் 20-க்கு மேல். எழுத்தர் "காய வச்சு எடுத்துட்டு வாங்க பெரியவரே" என்கிறார். காய வைக்கக் களம் இல்லை, அங்கேயே பரப்புகிறார்கள். காய்ந்த நெல் வைத்திருப்பவருக்குப் போக வழி இல்லை. வியாபாரி தினமும் சாயங்காலம் வந்து வரிசையை எண்ணிவிட்டுப் போகிறார். வரிசை நீள நீள அவர் சொல்லும் விலை இறங்குகிறது. வானம் கறுத்தால் இன்னும் இறங்குகிறது.

மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டும் புகார்கள் ஆண்டுதோறும் பத்திரிகையில் வருவது எல்லோருக்கும் தெரியும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கை நீட்டுகிற ஒருவரும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன கதை அப்படியே நடக்கும். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். மொத்தமாகச் சேர்ந்து முட்டாள்தனம் ஆகிவிட்டது. எனக்கு எரிச்சல் மூட்டியது இதுதான். இதை எங்கள் பாடப்புத்தகமும் பார்ப்பதில்லை, திட்டம் போடுகிறவர்களும் பார்ப்பதில்லை.

புத்தகத்தில் விநியோகச் சங்கிலி என்றால் ஐந்து கட்டம், நான்கு அம்புக்குறி. விவசாயி, கொள்முதல், கிடங்கு, ஆலை, ரேஷன் கடை. தண்ணீர்க் குழாய் மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். குழாயில் அடைப்பு என்றால் குழாயைப் பெரிதாக்கு! அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே தீர்வு: இன்னும் நிலையம் திற, இன்னும் கிடங்கு கட்டு, இன்னும் படுதா வாங்கு. 2025 அக்டோபரில் டெல்டாவில் குறுவை நெல் மழையில் நனைந்து மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்தபோதும் இதே பேச்சுதான். ஒரு பக்கம் மத்திய அரசைக் கைகாட்ட, இன்னொரு பக்கம் மாநில அரசைக் கைகாட்ட, ஈரப்பதத்தைத் தளர்த்தலாமா என்று பார்க்க மத்தியக் குழு வந்தது. நெல்லுக்கு அதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு முளைத்தது.

குழாயில் ஓடும் தண்ணீருக்கு மூளை கிடையாது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மூளை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து மூளை என்ன செய்கிறது என்று பார்த்து அது தன் முடிவை மாற்றிக்கொள்கிறது. அதைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் காகிதத்தில் மட்டும் ஓடும்.

எடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அதற்குப் பெயர் ஏஜென்ட் சிமுலேஷன். (எல்.ஐ.சி. ஏஜென்ட் இல்லை மக்களே! தமிழில் முகவர்வழி உருவகப்படுத்தல் என்கிறார்கள். வாய்க்குள் நுழையும் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.) விஷயம் இவ்வளவுதான். கணினிக்குள் நாற்பது விவசாயி, ஒரு எழுத்தர், ஆறு லாரி, ஒரு வியாபாரி என்று தனித்தனியாக ஆட்களைப் படைக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் நடத்தை விதி கொடுக்கிறீர்கள். "வரிசை இவ்வளவுக்கு மேல் போனால் நான் முன்கூட்டியே அறுப்பேன்", "இரண்டு நாள் நின்றால் வேறு லோடுக்குப் போவேன்" என்று எளிய விதிகள். பிறகு ஓடவிட்டுப் பார்க்கிறீர்கள். மொத்தக் கூட்டமும் எப்படி நடந்துகொள்ளும் என்று நீங்கள் எங்கேயும் எழுதிவைப்பதில்லை, அது தானாகக் கிளம்பி வருகிறது. சராசரி விவசாயி என்று ஒருவரை வைத்துப் பெருக்குவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் ஒரு பலகையும் கொஞ்சம் காசுகளும் வைத்துக்கொண்டு, அமெரிக்க நகரங்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏன் தனித்தனித் தெருக்களாகப் பிரிந்துபோகிறார்கள் என்று 1971-லேயே காட்டினார். கணினிகூடத் தேவைப்படவில்லை. பின்னால் நோபல் பரிசும் வாங்கினார், 2005-இல், வேறு ஆராய்ச்சிக்கு. நெட்லோகோ என்ற மென்பொருள் 1999 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. என் மூன்றாம்கை லேப்டாப்பிலேயே ஓடுகிறது.

கம்பெனிகளும் இதைத் தொட்டுப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் கதை எனக்குப் பிடித்தது. போக வேண்டிய திசையில் முதலில் கிளம்பும் விமானத்தில் சரக்கை மாற்றி ஏற்றிவிடுவது அங்கே வழக்கம். கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் தோன்றும். சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்தால், சில சமயம் தப்பான திசையில் போகும் விமானத்திலேயே சரக்கை விட்டுவைப்பதுதான் நல்லது என்று வந்தது. அது சுற்றிக்கொண்டு போய்ச் சேரும், நடுவில் இறக்கி ஏற்றுகிற வேலையும் கூட்டமும் மிச்சம். வழக்கத்தை மாற்றினார்கள், பணமும் மிஞ்சியது. அறையில் உட்கார்ந்து யோசித்தால் யாருக்காவது இது தோன்றுமா?

"அதெல்லாம் அமெரிக்காடா, இங்கே எடுபடாது" என்று ஒரு குரல் கேட்கிறது. இங்கேயே வருகிறேன். கோயம்பேடு.

2020 ஏப்ரல் 24 அன்று, சென்னையில் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நோக்கம் கூட்டத்தைக் குறைப்பது. நடுவில் இருந்தது ஒரே நாள், 25-ஆம் தேதி. நான்கு நாளைக்கு வேண்டிய காய்கறியை அந்த ஒரே நாளில் வாங்க ஜனம் கடை கடையாக முண்டியடித்தது. கோயம்பேடு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம், 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் உள்ள சந்தை. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மூடினால் அங்கே மூட்டை தூக்கியவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் எந்த ஊர்? எங்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர். காய்கறி லாரியிலும் நடந்தும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த மே மாதத்தில் எங்கள் மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை எகிறியதற்குக் கோயம்பேட்டில் இருந்து திரும்பியவர்களும் ஒரு காரணம். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கோயம்பேட்டில் இருந்து வந்தவர் வீடு என்று தெருவையே தகரம் வைத்து அடைத்ததும், அந்த வீட்டுக் குழந்தையோடு பேசக்கூடாது என்று எங்களைத் தடுத்ததும் நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் குடும்பம் செய்த தப்பு என்ன? சந்தையை மூடினார்கள், அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேறு எங்கே போவது?

"ஊரடங்கு என்று அறிவித்தால் மக்கள் முந்தின நாள் என்ன செய்வார்கள்? சந்தையை மூடினால் லோடுமேன் எங்கே போவான்?" இந்த இரண்டு கேள்வியும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஏஜென்ட் சிமுலேஷன் கேட்கும் முதல் இரண்டு கேள்வி இவைதான். சந்தையைக் கட்டடமாகப் பார்த்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே 2020-இல் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்தியாவிலேயே இருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து பெங்களூரு, மும்பை இரண்டு நகரத்துக்கும் ஏஜென்ட் சிமுலேஷன் செய்தார்கள். நகரத்து ஜனம் மொத்தத்தையும் வீடு, பள்ளி, வேலை இடம் என்று கணினிக்குள் குடியேற்றி, எதைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஓட்டினார்கள். மும்பை மின்சார ரயில்கூட அதில் உண்டு. கோடிக்கணக்கான ஆட்களை வைத்து நோய்க்குச் செய்ய முடிந்தது. சில ஆயிரம் விவசாயி, சில நூறு லாரி, சில டஜன் கிடங்கு, இவற்றை வைத்து ஒரு மாவட்டத்து நெல்லுக்குச் செய்ய முடியாதா? மூளையோ கணினியோ பற்றாக்குறை இல்லை. நெல் நனைவதை நாம் வானிலைச் செய்தி மாதிரி படித்துப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

அரசு கணினியைத் தொடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு 'அன்ன சக்ரா' என்று ஒன்றைத் தொடங்கியது. உலக உணவுத் திட்டமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்தது. ரேஷன் தானியம் எந்தக் கிடங்கிலிருந்து எங்கே போனால் தூரம் குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். நல்ல வேலை, டீசல் மிச்சம், வாழ்த்துகள். ஆனால் அது கிலோமீட்டரைக் குறைக்கிறது. எங்கள் அப்பாவின் நெல் கிடந்தது கிலோமீட்டரால் இல்லை. மிகக் குறுகிய வழியைக் காட்டினாலும், அந்த வழியில் வர லாரிக்காரருக்கு மனசு வர வேண்டாமா?

சரி, பேசிக்கொண்டே இருப்பானேன் என்று நானே ஒன்று செய்து பார்த்தேன். நெட்லோகோவில் மூன்று ராத்திரி. விதிகள் எல்லாம் வாசலில் காவல் படுத்தபோது பார்த்தவை. எண்கள் பெரும்பாலும் என் ஊகம், அதனால் எண்ணை நம்பாதீர்கள், போக்கை மட்டும் பாருங்கள்.

முதலில் இரண்டாவது நிலையம் ஒன்றைத் திறந்தேன், லாரி எண்ணிக்கையை மாற்றாமல். ஒரு நீள வரிசை இரண்டு குட்டை வரிசை ஆனது. போட்டோ எடுத்தால் அழகாக இருக்கும். விவசாயி காத்திருந்த நாள் ஏறத்தாழ அப்படியே இருந்தது. இருக்கிற லாரிதானே இரண்டு இடத்துக்கும் ஓட வேண்டும்? பிறகு நிலையத்தைக் கூட்டாமல், கிடங்கில் லாரி இறக்கக் காத்திருக்கும் நேரத்தை மட்டும் பாதியாக்கினேன். வரிசை கரைந்தது. எழுத்தர் தானாக வேகமாக வாங்கினார், வியாபாரி விலையை ஏற்றினார். அந்த இருவர் விதியில் நான் கை வைக்கவே இல்லை.

மூன்றாவதாகச் செய்ததுதான் எனக்கே அதிர்ச்சி. எந்த நிலையத்தில் எவ்வளவு வரிசை என்று எல்லா விவசாயிக்கும் செல்போனில் தெரியும்படி வைத்தேன். "ஒரு ஆப் இருந்தா போதும் மச்சான்" என்று வகுப்பில் அடிக்கடி சொல்வோம் இல்லையா, அது. காலியாக இருந்த நிலையத்துக்கு அத்தனை பேரும் ஒரே நாளில் கிளம்பினார்கள். அது நிரம்பியது, இது காலியானது. மறுநாள் எல்லோரும் இங்கே. ஊஞ்சல் மாதிரி! பிறகு தேடியபோதுதான் தெரிந்தது, பிரையன் ஆர்தர் என்பவர் 1994-இல் ஒரு சாராயக் கடையை வைத்து ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருக்கிறார். நூறு பேர் இருக்கும் ஊர், அறுபது பேருக்கு மேல் வந்தால் கடையில் உட்கார முடியாது. கூட்டம் இருக்காது என்று எல்லோரும் கணித்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள், கணிப்பு பொய்யாகிவிடும். இதற்காக ஆப் கூடாது என்று நான் சொல்லவில்லை. டோக்கன் நாளோடு சேர்த்துக் கொடுத்தால் ஊஞ்சல் நிற்கிறது. ஆனால் கோடி ரூபாய் செலவு செய்து ஆப் விட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, என் ஓட்டை லேப்டாப்பில் கண்டுபிடிப்பது மலிவு இல்லையா?

"உனக்கு வேண்டியதைச் சொல்ல வைக்கலாம், விதி எழுதுகிறவன் நீதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பக்கூடாது. ஆமாம், சொல்ல வைக்கலாம். ஈ.ஓ.க்யூ.வையும் சொல்ல வைக்கலாம், எக்செல்லையும் சொல்ல வைக்கலாம். வித்தியாசம் என்னவென்றால், இங்கே என் விதி சாதாரணத் தமிழில் இருக்கிறது. "இரண்டு நாள் நின்றால் லாரிக்காரர் போய்விடுவார்" என்று எழுதியிருக்கிறேன். அது பொய் என்றால் எந்த லாரிக்காரரும் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். வர்க்கமூலத்துக்குள் ஒளிந்திருக்கும் "தேவை மாறாது" என்ற பொய்யை எந்த விவசாயி திட்டப்போகிறார்? அந்தச் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-இல் எழுதினார். நூறு வருடத்துக்கு மேலாக யாரும் திட்டாமல் மார்க் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் சூத்திரத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு செமஸ்டர், வணிகவியல் மாணவனுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். புரோகிராம் எழுத பி.இ. படிக்கத் தேவையில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் வயல் இருக்கிறது, மீதிப் பேர் வீட்டில் மளிகைக் கடையோ வண்டியோ இருக்கிறது. விதி தெரிந்தவர்கள் நாங்கள்தான். நுகர்பொருள் வாணிபக் கழகம் நிலையம் வாரியாக, நாள் வாரியாக நெல் வரத்தையும் லாரி வந்துபோன நேரத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். அதில் யாருடைய ரகசியமும் இல்லை. கேரம் போர்டு ஆடும் நேரத்தில் நாங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்கிறோம். தப்பாகச் சொன்னால் சிரியுங்கள். நெல்லை நனைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட அது மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதை ஓட்டிக் காட்டினேன். பச்சைப் புள்ளி விவசாயி, சிவப்பு லாரி, நடுவில் மஞ்சள் கட்டம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"இவனுங்க எல்லாம் ஏன் ஆளுக்கொரு நாள் அறுக்கறானுங்க?"

"அவங்கவங்க நெல்லு எப்போ முத்துதோ அப்போப்பா."

"கிழிஞ்சுது. அறுப்பு மெஷின் அப்படியா வருது? புரோக்கர் பிடிச்சு கொண்டாந்தா ரெண்டு நாள் ஊர்ல நிக்கும். முத்துனது முத்தாதது எல்லாம் அந்த ரெண்டு நாள்லதான். உட்டா அடுத்த ஊருக்குப் பூடுவான். மெஷினக் காணோமே இதுல?"

மெஷின்காரர் என்று ஓர் ஏஜென்ட்டே நான் வைக்கவில்லை. அன்று ராத்திரியே சேர்த்தேன். நாற்பது பேரும் இரண்டு நாளில் அறுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கிடங்கு நேரத்தைப் பாதியாக்கியும் முதல் நான்கு நாள் வரிசை அசையவே இல்லை. மேலே நான் பெருமையாகச் சொன்ன முடிவில் பாதி போச்சு :-)

சாக்கு எப்போ வரும் என்பதையும் போடச் சொல்லியிருக்கிறார். அது இந்த வாரம்.